நெட் ஓடுகிறது, நெட்வொர்க் செட்டிங்ஸ் மட்டும் விழுகிறது

வீட்டில் நெட் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் ஒரு வழி தெரியும். ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், கேபிளைப் பிடுங்கிச் செருகுவார்கள், அதற்கும் மசியவில்லை என்றால் நெட் கம்பெனிக்குப் போன். ஆனால் நெட் ஒழுங்காக வருகிறது, யூடியூப் ஓடுகிறது, பேங்க் பக்கம் திறக்கிறது, நெட்வொர்க் செட்டிங்ஸைத் தொட்டால் மட்டும் செட்டிங்ஸ் ஜன்னலே காணாமல் போகிறது என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் நடந்தது இதுதான். செட்டிங்ஸ் திறக்கும், சிஸ்டம், ப்ளூடூத், அக்கவுன்ட்ஸ் எல்லாம் திறக்கும், இடது பக்கம் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ என்பதில் கிளிக் செய்தால் ஒரு நொடி சுற்றும், அப்புறம் ஜன்னல் மூடிக்கொள்ளும். எரர் என்று ஒரு வரி கூட வராது. அத்தானுக்குப் புது ஆபீஸில் ஒரு ப்ராக்ஸி (நெட் போக்குவரத்தை நடுவில் நின்று கடத்துகிற சர்வர்) முகவரி போடச் சொல்லியிருந்தார்கள், அதனால்தான் இந்தக் கோளாறே கண்ணில் பட்டது, இல்லையென்றால் நெட் ஓடுகிற வீட்டில் அந்தப் பக்கத்தை யார் திறக்கப் போகிறார்கள்.

இதைச் சரி செய்த வழியை விரிவாக எழுதி வைக்கிறேன். தமிழில் இதற்குத் தேடினால் கிடைப்பதெல்லாம் நெட் வராததற்கான வைத்தியம்தான். அது வேறு நோய்.

முதலில் மனதில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது ஒன்று. செட்டிங்ஸ் பக்கமும் நெட்வொர்க்கும் ஒன்று கிடையாது. செட்டிங்ஸ் என்பது மற்ற எந்த ஆப்பையும் போல ஒரு ஆப், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘இம்மர்சிவ் கன்ட்ரோல் பேனல்’ என்ற ஃபோல்டரில் சிஸ்டம்செட்டிங்ஸ் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் நெட்டை ஓட்டுவது சர்வீஸ்கள், அதாவது ஜன்னல் எதுவும் இல்லாமல் பின்னால் ஓடுகிற ப்ரோகிராம்கள். வைஃபையோடு பேசுவதற்கு டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக், ரவுட்டரிடம் ஐபி (நெட்வொர்க்கில் இந்தக் கம்ப்யூட்டரின் முகவரி எண்) வாங்க டிஹெச்சிபி கிளையன்ட், பெயரை எண்ணாக மாற்ற டிஎன்எஸ் கிளையன்ட், எந்த நெட்வொர்க்கில் இருக்கிறோம் என்று பதிந்து வைக்க நெட்வொர்க் லிஸ்ட் சர்வீஸ். அவற்றுக்கும் கீழே டிரைவர்கள், அதாவது கார்டு போன்ற சாதனங்களை விண்டோஸோடு பேச வைக்கிற ப்ரோகிராம்கள். செட்டிங்ஸ் ஆப் விழுந்தாலும் இவற்றில் எதுவும் விழாது, அதனால்தான் ஜன்னல் மூடிய பிறகும் வீடியோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் பக்கம் ஏன் விழுகிறது? அந்தப் பக்கம் திறக்கும்போது அது சும்மா எழுத்தைக் காட்டுவதில்லை. கம்ப்யூட்டரில் என்னென்ன அடாப்டர், அதாவது நெட்வொர்க் கார்டு, இருக்கிறது, எது இணைந்திருக்கிறது, விபிஎன் (ஆபீஸ் போன்ற வெளி நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கிற வழி) ஏதாவது உண்டா, ப்ராக்ஸி உண்டா, ஹாட்ஸ்பாட் முடியுமா என்று ஒவ்வொரு சர்வீஸிடமும் கேட்டு, வந்த பதிலை வரிசையாக வரைகிறது. ஒரு இடத்தில் அரைகுறையான பதில் வந்து, அதை எதிர்பார்க்காமல் எழுதிய ப்ரோகிராம் வரிகள் அங்கே இருந்தால், ஆப் மொத்தமாக விழுகிறது. நாம் தேட வேண்டியது அந்த அரைகுறை பதிலைக் கொடுப்பது யார் என்பதைத்தான்.

இதைப் புரிந்துகொண்டால், வழக்கமாக எல்லோரும் சொல்கிற நெட்ஷ் வின்சாக் ரீசெட், நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட், ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ் என்ற மூன்று கட்டளைகளும் இங்கே ஏன் முதல் மருந்து ஆகாது என்பதும் புரியும். முதலாவது வின்சாக் கேட்டலாக் என்ற பட்டியலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும், இரண்டாவது டிசிபி ஐபி அமைப்புகளை ரெஜிஸ்ட்ரியில் திரும்ப எழுதும், மூன்றாவது டிஎன்எஸ் நினைவில் வைத்திருப்பதை அழிக்கும். மூன்றும் நெட் போகிற பாதையைத் தொடுகின்றன. பக்கத்தை வரைகிற வேலைக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதிலும் இரண்டாவது கட்டளை, ஆபீஸ் பிரிண்டருக்காகவோ சிசிடிவிக்காகவோ கையால் போட்டு வைத்த ஐபி முகவரியை அழித்துவிடும். ஓடுகிற நெட்டில் கை வைத்து அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நெட்வொர்க் ரீசெட் என்ற பொத்தானையும் எல்லோரும் சொல்வார்கள். அது எங்கே இருக்கிறது? நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதற்குள். விழுகிற பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை அடைய வேறு வழி உண்டு என்றாலும், அது எல்லா அடாப்டரையும் நீக்கி மறுபடி நிறுவுகிற பெரிய வேலை, அதைக் கடைசிக்கு வைப்போம்.

அவசரத்துக்கு அந்தப் பக்கம் இல்லாமலே வேலையை முடித்துக்கொள்ள முடியும், இது பலருக்குத் தெரியாது. டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வைஃபை ஐகானைத் தொட்டால் வருகிற சின்னப் பலகை செட்டிங்ஸ் ஆப்பைச் சேர்ந்தது இல்லை, அது தனி, அதனால் வைஃபை மாற்றுவது, பாஸ்வேர்டு போடுவது எல்லாம் அங்கே நடக்கும். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி வருகிற ரன் பெட்டியில் என்சிபிஏ, ஒரு புள்ளி, சிபிஎல் என்று இடைவெளி இல்லாமல் அடித்தால் பழைய கன்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் ஜன்னல் வரும், ஐபி, டிஎன்எஸ் எல்லாம் அங்கே மாற்றலாம்.

அதே ரன் பெட்டி நோயைக் கண்டுபிடிக்கவும் உதவும். செட்டிங்ஸின் ஒவ்வொரு உள்பக்கத்துக்கும் ஒரு முகவரி உண்டு. எம்எஸ், ஒரு சின்னக் கோடு, செட்டிங்ஸ், ஒரு கோலன், அப்புறம் நெட்வொர்க், ஒரு சின்னக் கோடு, வைஃபை என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் முதல் பக்கத்தைத் தொடாமல் நேராக வைஃபை பக்கம் திறக்கும். வைஃபை என்ற இடத்தில் ப்ராக்ஸி, விபிஎன், ஈதர்நெட், அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். எது திறக்கிறது, எது விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அந்தத் தாள்தான் பாதி விடை. அக்கா வீட்டில் வைஃபை திறந்தது, ப்ராக்ஸி திறந்தது, அத்தானுக்கு அந்த நிமிஷமே வேலை முடிந்துவிட்டது. “போதும்பா, எனக்கு இது வந்தா சரி, மீதியை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். “இல்ல அத்தான், இன்னொரு நாள் உங்களுக்கு விபிஎன் போடச் சொல்வாங்க, அன்னைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். முதல் பக்கமும் அட்வான்ஸ்டு பக்கமும்தான் விழுந்தன. இந்த இரண்டுக்கும் பொதுவானது என்ன? இரண்டும் எல்லா அடாப்டர்களின் நிலையையும் கேட்கிற பக்கங்கள். சந்தேகம் அங்கே போனது.

சந்தேகம் மட்டும் போதாது, சாட்சி வேண்டும். விண்டோஸில் எந்த ஆப் விழுந்தாலும் அது பதிவாகிறது, நமக்குக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். அதைப் பார்க்க இரண்டு இடம். ஸ்டார்ட்டில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று ஒன்று வரும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிற கருவி, ஏன் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். நாள்வாரியாகக் கட்டம் போட்டு, 1 முதல் 10 வரை கம்ப்யூட்டரின் நிலைத்தன்மைக்கு ஒரு கோடு வரைந்து, எந்த நாளில் எந்த ஆப் விழுந்தது, எந்த நாளில் எந்த சாஃப்ட்வேர் நிறுவப்பட்டது, எது நீக்கப்பட்டது, எந்த அப்டேட் வந்தது என்று எல்லாவற்றையும் ஒரே திரையில் வைக்கிறது. சிவப்புக் குறி இருக்கிற நாளைத் தொட்டு கீழே ‘வியூ டெக்னிக்கல் டீட்டெயில்ஸ்’ என்பதைப் பார்த்தால் விவரம் கிடைக்கும்.

இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் ஈவென்ட் வியூவர். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். பட்டியலைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், நல்ல நிலையில் இருக்கிற கம்ப்யூட்டரிலும் அங்கே சிவப்பும் மஞ்சளும் நிறைய இருக்கும். நமக்குத் தேவை ஈவென்ட் ஐடி 1000, சோர்ஸ் என்ற இடத்தில் ‘அப்ளிகேஷன் எரர்’ என்று இருப்பது மட்டும். நெட்வொர்க் பக்கத்தை ஒருமுறை திறந்து விழ வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்தில் பதிவான வரியைத் திறந்தால் சரியான ஆளைப் பிடித்துவிடலாம். அதில் மூன்று விஷயங்கள் முக்கியம். ஃபால்ட்டிங் அப்ளிகேஷன், அதாவது விழுந்த ஆப், இங்கே சிஸ்டம்செட்டிங்ஸ். ஃபால்ட்டிங் மாட்யூல், அதாவது எந்த டிஎல்எல் (ஆப்கள் பயன்படுத்துகிற ப்ரோகிராம் துண்டு ஃபைல்) ஓடும்போது விழுந்தது. எக்ஸ்செப்ஷன் கோடு, அதாவது எந்த விதமாக விழுந்தது.

எக்ஸ்செப்ஷன் கோடு பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் அடிக்கடி வருவது சில வகைதான். சி-யில் தொடங்கி பூஜ்ஜியமாக ஓடி 5-இல் முடிந்தால் அக்ஸஸ் வயலேஷன், தனக்குச் சொந்தமில்லாத மெமரியை ஆப் தொடப் போயிருக்கிறது, பெரும்பாலும் இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துத் தொடும்போது நடப்பது. 409 என்று முடிந்தால் ஏதோ கோளாறு என்று தெரிந்து ஆப் தானே தன்னை நிறுத்திக்கொண்டதாக இருக்கலாம். 27பி என்று முடிந்தால் ஸ்டோர் வகை ஆப்களில் வருகிற உள் எரர், உண்மையான காரணம் உள்ளே வேறு எங்கோ இருக்கும்.

ஃபால்ட்டிங் மாட்யூலைப் படிக்கும்போதுதான் பலர் வழி தவறுகிறார்கள். அங்கே என்டிடிஎல்எல் என்றோ கெர்னல்பேஸ் என்றோ விண்டோஸ் யுஐ ஸாமல் என்றோ இருந்தால் உடனே அந்த டிஎல்எல் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, நெட்டில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த டிஎல்எல்லை இறக்கிப் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இவை எல்லா ஆப்பும் பயன்படுத்துகிற பொதுவான டிஎல்எல்கள். வாழைப்பழத் தோலை ஒருவர் போட, இன்னொருவர் வழுக்கி, மூன்றாவது ஆளின் வாசலில் போய் விழுவது போல, விழுந்த இடத்தின் பெயர்தான் பதிவாகியிருக்கிறது. டிஎல்எல் விற்கிற தளங்களில் இருந்து எடுத்துப் போடுவது பாதுகாப்புக்கே ஆபத்து, பதிப்பு மாறினால் விண்டோஸே கிளம்பாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அக்கா வீட்டில் செட்டிங்ஸ்ஹேண்ட்லர்ஸ் என்று தொடங்குகிற ஒரு டிஎல்எல்லின் பெயர் இருந்தது, எக்ஸ்செப்ஷன் கோடு 5-இல் முடிந்தது. செட்டிங்ஸ்ஹேண்ட்லர்ஸ் வரிசை டிஎல்எல்கள் செட்டிங்ஸ் பக்கங்களுக்கு உள்ளடக்கம் கொண்டுவருபவை, ஆக நெட்வொர்க் விவரத்தைச் சேகரிக்கும்போது இல்லாத எதையோ தொட்டிருக்கிறது என்று ஊகிக்க முடிந்தது.

அடுத்து, கோளாறு இந்த யூசருக்கு மட்டுமா, கம்ப்யூட்டருக்கே உண்டா? இதற்கு ஒரு புது லோக்கல் யூசரை உருவாக்கி, அதில் நுழைந்து அதே பக்கத்தைத் திறந்து பார்த்தால் போதும். புது யூசரில் திறந்துவிட்டால், பழைய யூசரின் செட்டிங்ஸ் ஆப் டேட்டாதான் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் சுலபம்: ஸ்டார்ட்டில் செட்டிங்ஸ் என்று தேடி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஆப் செட்டிங்ஸ் போனால் ரிப்பேர், ரீசெட் என்று இரண்டு பொத்தான் இருக்கும். முதலில் ரிப்பேர், அது உதவவில்லை என்றால் ரீசெட். உங்கள் ஃபைல்கள் எதுவும் போகாது. அக்கா வீட்டில் புது யூசரிலும் விழுந்தது, அதனால் இந்த வழி மூடியது.

சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் டிஸ்ம், ஸ்லாஷ் ஆன்லைன், ஸ்லாஷ் க்ளீனப்-இமேஜ், ஸ்லாஷ் ரீஸ்டோர்ஹெல்த். அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி, ஸ்லாஷ் ஸ்கேன்நவ். ஒவ்வொரு ஸ்லாஷுக்கும் முன்னால் ஒரு இடைவெளி. பல பேர் எஸ்எஃப்சியை மட்டும் ஓட்டுகிறார்கள். எஸ்எஃப்சி கெட்ட ஃபைலை விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கிற கிடங்கிலிருந்து எடுத்து மாற்றுகிறது, அந்தக் கிடங்கே கெட்டிருந்தால் அது என்ன செய்யும்? அந்தக் கிடங்கை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடுத்துச் சரிசெய்வது டிஸ்ம். அதனால்தான் இந்த வரிசை. டிஸ்ம் சில இடங்களில் நகராமல் நிற்பது போல இருக்கும், ஜன்னலை மூடாமல் விட்டுவிட்டு ஒரு காபி போட்டு வரலாம். இரண்டும் ஓடி, கெட்ட ஃபைல் எதுவும் இல்லை என்றே வந்தது. அது வீண் வேலை இல்லை. விண்டோஸின் சொந்த ஃபைல் நன்றாக இருக்கிறது என்றால் வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றுதான் காரணம்.

வெளியிலிருந்து வந்தது சர்வீஸா டிரைவரா? எம்எஸ்கான்ஃபிக் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ என்பதைக் கட்டாயம் டிக் செய்துவிட்டு, மீதி இருப்பதை எல்லாம் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்வதை க்ளீன் பூட் என்பார்கள். அந்த டிக்கை மறந்தால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களையும் நிறுத்திவிடுவோம். நிறுத்துவதற்கு முன் எதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு திரும்ப வைக்க வசதி. க்ளீன் பூட்டிலும் பக்கம் விழுந்தது. இதில் சர்வீஸ் நிற்குமே தவிர நெட்வொர்க் டிரைவர்கள் நிற்காது, ஆக மிச்சம் இருப்பது டிரைவர்.

இந்த இடத்தில்தான் ரிலையபிலிட்டி ஹிஸ்டரியை மறுபடி திறந்து பின்னோக்கிப் போனேன். செட்டிங்ஸ் முதன்முதலாக விழுந்த நாளும், ஒரு விபிஎன் சாஃப்ட்வேர் நீக்கப்பட்ட நாளும் ஒரே கட்டத்தில் இருந்தன. “அத்தான், இது என்ன சாஃப்ட்வேர்?” என்று கேட்டால், “அதுவா, பழைய ஆபீஸ்ல வீட்ல இருந்து வேலை பாக்கப் போட்டது, வேலை மாறினதும் நான்தான் எடுத்துட்டேன்” என்றார். முறையாகத்தான் நீக்கியிருக்கிறார், இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் போய் அன்இன்ஸ்டால் கொடுத்திருக்கிறார். சாஃப்ட்வேர் போய்விட்டது, அது கொண்டுவந்த டிரைவர் போகவில்லை.

விபிஎன், ஆன்டிவைரஸ், வர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர்கள் ஏன் இப்படி ஆழமாக இறங்குகின்றன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்டோஸில் நெட்வொர்க் கார்டுக்கும் மேலே இருக்கிற டிசிபி ஐபிக்கும் நடுவில் என்டிஐஎஸ் என்று ஒரு அடுக்கு இருக்கிறது, மைக்ரோசாஃப்ட்டும் த்ரீகாம் நிறுவனமும் சேர்ந்து அந்தக் காலத்தில் உருவாக்கியது. விபிஎன் இந்த அடுக்கில் இரண்டு வேலை செய்யும். ஒன்று, இல்லாத ஒரு நெட்வொர்க் கார்டை இருப்பது போல உருவாக்கும், அதுதான் வர்ச்சுவல் அடாப்டர். இரண்டு, உண்மையான வைஃபை கார்டின் வழியாகப் போகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்க்கவும் தடுக்கவும் நடுவில் ஒரு ஃபில்ட்டர் டிரைவரைச் செருகும். இரண்டுமே அது செய்யவேண்டிய வேலைக்குத் தேவையானவைதான். நீக்கும்போது இரண்டையும் சுத்தமாகக் கழற்றிக்கொண்டு போக வேண்டியது அன்இன்ஸ்டாலரின் பொறுப்பு. அது பாதியில் விட்டுப்போனால், ஆள் இல்லாத வீட்டுக் கதவில் பெயர்ப் பலகை மட்டும் தொங்கும்.

என்சிபிஏ ஜன்னலைத் திறந்தபோது அது கண்ணெதிரே இருந்தது. வைஃபை, ஈதர்நெட் இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்புக் குறியோடு, கேபிள் செருகவில்லை என்ற குறிப்போடு இன்னொரு அடாப்டர், விவரத்தில் பழைய விபிஎன்னின் பெயர். வைஃபை மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால், கிளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ், க்யூஓஎஸ் பாக்கெட் ஷெட்யூலர், ஐபி பதிப்பு 4, பதிப்பு 6 என்று வழக்கமான டிக்குகளுக்கு நடுவில் அதே விபிஎன்னின் ஃபில்ட்டரும் டிக்கோடு இருந்தது.

நீக்குவதற்கு முன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டுவிடுங்கள், ஸ்டார்ட்டில் ‘ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தேடினால் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் ஜன்னல் வரும். பிறகு முதலில் ஃபில்ட்டர்: அந்த வரியைத் தேர்ந்தெடுத்து கீழே இருக்கிற அன்இன்ஸ்டால் பொத்தான், டிக்கை மட்டும் எடுத்தால் ஃபில்ட்டர் அப்படியே இருக்கும். அடுத்து டிவைஸ் மேனேஜர். அதில் வியூ மெனுவில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ என்பதைப் போட்டு நெட்வொர்க் அடாப்டர்ஸைத் திறந்தால், சில மங்கலாகவும் சில முழுதாகவும் ஒரு பெரிய பட்டியல் வரும். இங்கே நிதானம் வேண்டும். வேன் மினிபோர்ட் என்று தொடங்குகிற பல வரிகள் இருக்கும், அவை எல்லாம் விண்டோஸின் சொந்தம். மைக்ரோசாஃப்ட் வைஃபை டைரக்ட் வர்ச்சுவல் அடாப்டர், கெர்னல் டிபக் அடாப்டர், இவையும் அப்படியே. பெயர் புரியவில்லை, மங்கலாக இருக்கிறது என்பதற்காக எதையும் நீக்கக் கூடாது. பழைய விபிஎன்னின் பெயர் இருக்கிற வரியை மட்டும் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் டிவைஸ், அப்போது வருகிற பெட்டியில் டிரைவரையும் சேர்த்து நீக்கச் சொல்கிற டிக்கையும் போட வேண்டும். அதைப் போடாவிட்டால் டிரைவர் கிடங்கில் தங்கிவிடும். சந்தேகம் இருந்தால் பிஎன்பியூட்டில் என்ற கட்டளைக்கு ஸ்லாஷ் எனம்-டிரைவர்ஸ் என்று கொடுத்துப் பார்க்கலாம், வெளியிலிருந்து வந்த டிரைவர்கள் எல்லாம் ஓஇஎம் என்றும் ஒரு எண்ணும் சேர்ந்த பெயரில் வரிசையாக வரும், ஒவ்வொன்றின் கீழும் கொடுத்த கம்பெனியின் பெயர் இருக்கும்.

ரீஸ்டார்ட் செய்தோம். நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் திறந்தது, அட்வான்ஸ்டு பக்கமும் திறந்தது. முன்பு தாளில் குறித்த எல்லா உள்பக்கங்களையும் ஒரு சுற்று திறந்து பார்த்தோம், எதுவும் விழவில்லை. வைஃபை பாஸ்வேர்டு மறுபடி போட வேண்டியிருக்கவில்லை, அக்கா பிரிண்டருக்கு வைத்திருந்த ஐபி மாறவில்லை, ஏனென்றால் ஓடிக்கொண்டிருந்த எதையும் நாங்கள் தொடவே இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் போன் செய்து ரிலையபிலிட்டி ஹிஸ்டரியைப் பார்க்கச் சொன்னேன், அக்கா மகன் பார்த்துவிட்டு, “மாமா, செட்டிங்ஸுக்குச் சிவப்பு ஒண்ணும் இல்ல” என்றான்.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். ஹிஸ்டரியில் முதல் விழுதலுக்கு முந்தைய கட்டத்தில் விண்டோஸ் அப்டேட் இருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தின் அப்டேட் ஹிஸ்டரியில் போய் அதை அன்இன்ஸ்டால் செய்து பார்க்கலாம். வைஃபை கார்டின் டிரைவர் மாறியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் ரோல் பேக் டிரைவர் உண்டு. எதற்கும் மசியவில்லை என்றால் சிஸ்டம், ரெக்கவரி பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் வழியாகச் சரிசெய்கிற ‘ரீஇன்ஸ்டால் நவ்’ இருக்கிறது, ஃபைலும் ஆப்பும் அப்படியே இருக்க விண்டோஸை மட்டும் மறுபடி போடும். ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்று கடையில் சொன்னால், இந்த வழி உண்டா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் லினக்ஸின் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் இதே கோளாறு இன்னும் எரிச்சலான உருவில் வரும். அது கடைசியாகத் திறந்த பக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அங்கேயே திறக்கும். நெட்வொர்க் பக்கம் விழுந்தால், அதன் பிறகு செட்டிங்ஸையே திறக்க முடியாது, திறந்த உடனே அதே பக்கத்துக்குப் போய் அதே இடத்தில் விழும். டெர்மினலில் க்னோம் கன்ட்ரோல் சென்டர் கட்டளையோடு சவுண்ட் என்பது போல வேறு பக்கத்தின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வரலாம். அங்கேயும் நெட்டை ஓட்டுவது பின்னால் இருக்கிற நெட்வொர்க்மேனேஜர் என்ற தனி சர்வீஸ்தான், டெர்மினலில் என்எம்டியுஐ என்று அடித்தால் அதோடு நேராகப் பேசலாம்.

எந்த நிலையிலும் செய்யக் கூடாதது ஒன்று: ‘விண்டோஸ் சப்போர்ட்’ என்று தேடி வருகிற முதல் நம்பருக்குப் போன் செய்து, அவர்கள் சொல்கிற ரிமோட் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுப்பது. அவர்களும் இதே ஈவென்ட் வியூவரைத்தான் திறந்து, எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிற அந்தச் சிவப்பு வரிகளைக் காட்டி, வைரஸ் என்று சொல்லிப் பணம் கேட்பார்கள். பல நாடுகளில் இந்த மோசடி நடந்திருக்கிறது. அக்காவிடமும் அத்தானிடமும் இதைத்தான் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாம் பார்த்து நெட்வொர்க் ரீசெட்தான் ஒரே வழி என்று ஆகிவிட்டால், அதற்கு முன் வைஃபை பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் இல்லை என்றால் என்சிபிஏ ஜன்னலில் வைஃபை மேல் இரண்டு முறை கிளிக் செய்து, வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, ஷோ கேரக்டர்ஸ் என்று போனால் தெரியும். கையால் போட்ட ஐபி, டிஎன்எஸ் இருந்தால் அதையும். ரீசெட் ஆன பிறகு தேவையான விபிஎன்னையும் வர்ச்சுவல் ஸ்விட்ச்சையும் மறுபடி போட வேண்டியிருக்கும். நெட்வொர்க் பப்ளிக் என்று மாறியிருக்கும், அதனால் வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து பகிர்ந்த ஃபோல்டரோ பிரிண்டரோ தெரியாமல் போகலாம். இணைந்திருக்கிற வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் போய் ப்ரைவேட் என்று மாற்றிவிட்டால் தெரியத் தொடங்கும்.